நீட்டிய இனிஷியல்

அப்பா கைப்பேசியில் பெரியப்பாவிடம் கத்திக்கொண்டிருந்தார். மகளுக்கு அமெரிக்காவில் இடம் கிடைத்துவிட்டதாம்.

அந்த மகள் நான்தான். கடிதத்தை நான் இன்னும் படிக்கவே இல்லை. அதற்குள் உறவுக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்கு மொத்தமே ஒரு மின்னஞ்சல் முகவரிதான். அது அப்பாவின் கைப்பேசியில் இருக்கிறது. மின்சாரக் கட்டணமும் அதில்தான் வரும், என் தலையெழுத்தும் அதில்தான் வரும்.

ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்திருந்தேன். நான்கு நாசூக்காகக் கையை விரித்துவிட்டன. இதுதான் கடைசி. இதுவும் போனால் பக்கத்துக் கல்லூரியில் ஏதோ ஒரு பாடத்தில் போய் உட்கார வேண்டியதுதான்.

விண்ணப்பம் போட்டபோதே ஒரு கூத்து. கடைசிப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் கடைசிப் பெயர் கிடையாது, முன்னால் ஓர் எழுத்து உண்டு. ஓர் எழுத்தைக் கணினி ஏற்றுக்கொள்ளவில்லை. இனிஷியலை இழுத்து நீட்டி அப்பா பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து எனக்கு வரும் கடிதமெல்லாம் அப்பா பெயரில்தான் தொடங்கும். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை.

ஒவ்வொரு பக்கத்தையும் அம்மாதான் என்னோடு உட்கார்ந்து நிரப்பினாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பொறுமைக்குக் கேட்கவா வேண்டும்.

பெரியப்பாவை முடித்துவிட்டு அப்பா அத்தைக்குப் போடப் போனார். கைப்பேசியைப் பிடுங்கினேன்.

வாழ்த்துகள், மிஸ், அதற்குப் பிறகு அப்பாவின் பெயர். கண்ணில் நீர் முட்டியது. அடுத்த வரிக்குப் போனேன்.

கணக்கு கற்பிப்பதில் உங்களுடைய பத்தொன்பது ஆண்டு அனுபவம் எங்களைக் கவர்ந்தது, ஆராய்ச்சிப் படிப்பில் உங்களைச் சேர்த்துக்கொள்கிறோம் என்றிருந்தது.

எனக்கு வயதே பதினெட்டு.

மிஸ் என்றதும் அது நான்தான் என்று அப்பா முடிவுகட்டிவிட்டார். தெருப் பிள்ளைகள் மிஸ், மிஸ் என்று கூப்பிடுவது யாரை என்று யோசிக்கவில்லை. கல்யாணமானதும் அம்மாவின் இனிஷியலும் அப்பாவின் எழுத்துக்கு மாறியிருந்தது. அதை இழுத்து நீட்டினாலும் அவர்தான் வருவார்.

கீழே அதே பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு கடிதம், திறக்காமல் கிடந்தது. திறந்தேன். வருந்துகிறோம் என்று தொடங்கியது. அதுதான் எனக்கு.

வயிறு எரிந்தது. மறைப்பானேன், அம்மா மேல்தான். இத்தனை நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தவள் என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். அப்பாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"சும்மாதான்டி போட்டுப் பார்த்தேன். அந்த இடத்த நீயே வச்சுக்கோ."

மின்விசிறிக்கு நேரான கட்டிலையும், தனக்கென்று வாங்கிய கைக்கடிகாரத்தையும் இதே குரலில்தான் கொடுத்தாள். ஒன்றைக்கூட நான் வேண்டாம் என்று சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது.

அத்தை காத்திருப்பாள் என்று அப்பா கையை நீட்டிக்கொண்டு நின்றார். கைப்பேசியைக் கொடுத்தேன்.

"முதல்ல பெரியப்பாவுக்குத் திரும்பப் போடுங்கப்பா. பேரு சரிதான், ஆளுதான் வேற."