ஏறின இடத்திலேயே இறங்குகிறவர்கள்

புது மெட்ரோ ரயில்கள் வந்ததும், ஓடி ஓய்ந்த பழைய பெட்டி ஒன்றைப் பூங்காவில் கொண்டுவந்து நிறுத்தி டீக்கடை ஆக்கிவிட்டார்கள்.

"நெரிசல் இல்ல, தள்ளுமுள்ளு இல்ல. உனக்கென்னப்பா குறை?" என்று கேட்டது, அதன் கூரையில் கூடவே வந்துவிட்ட மின்விசிறி.

"வர்றவங்க எல்லாரும் ஏறின இடத்துலயே இறங்கிப் போறாங்களே," என்றது பெட்டி. ஓடிய காலத்தில் அது யாரையும் அப்படி இறக்கிவிட்டதில்லை.

அன்று சாயங்காலம், வேலை முடிந்து வந்த நர்ஸ் ஒருத்தி டீயை ஆறவிட்டு ஜன்னலில் சாய்ந்து தூங்கிப்போனாள். திடீரென்று விழித்தவள் பையை வாரிக்கொண்டு எழுந்தாள்.

"ஐயையோ, என் ஸ்டேஷன் போயிடுச்சா?"

கடைக்காரர் சிரித்தார். விசிறியும் சிரித்தது.

"சிரிக்காதே," என்றது பெட்டி. "அவ தூங்கின வரைக்கும் நாம ஓடிக்கிட்டுதான் இருந்தோம்."