எழுதிப் பார்க்கும் தாள்

சாரல் உள்ளே அடிக்கிறதென்று பர்சானா கடைக் கதவைப் பாதி சாத்தியிருக்கிறாள். தென்காசியில் ஊற்றுப்பேனாவுக்கு மை வாங்க வருகிறவர்கள் கொஞ்சம்தான். வருகிறவர்கள் எல்லாரும் மேசைமேல் கிடக்கும் தாளில் தங்கள் பேரைத்தான் எழுதிப் பார்ப்பார்கள். இந்த மனிதர் ஒவ்வொரு பாட்டிலாகப் பேனாவை முக்கி, திரும்பத் திரும்ப ஒரே கையெழுத்தைப் போடுகிறார். போட்டதும் செல்போனை உள்ளங்கையில் மறைத்து, அதிலுள்ள படத்தோடு வைத்துப் பார்க்கிறார். “இது ரொம்ப நீலமா இருக்கும்மா. பழைய எழுத்து மாதிரி வரணும்.” புளூ பிளாக் பாட்டிலை அவள்தான் நகர்த்திக் கொடுக்கிறாள். ஈரக்காற்றில் மை காயாமல் மினுங்குகிறது. ஏழாவது கையெழுத்தில் தயக்கமே இல்லை. கடைசி ‘ழி’யின் சுழி தாளின் ஓரம்வரை ஓடுகிறது.

அந்தச் சுழி அவளுக்குத் தெரியும். குழல்வாய்மொழி டீச்சர் மாதம் ஒருதரம் இங்கே வந்து, இதே மேசையில் குனிந்து போட்டுப் பார்ப்பது. பக்கவாதத்தில் டீச்சருக்கு வலது கை விழுந்து ஆறு வாரமாகிறது. “இதுதான், சரியா இருக்கு. கட்டிக் குடுங்க” என்கிறார் அந்த மனிதர். அவர் எழுதிய தாளின்மேல் பர்சானா கையைப் பரப்பி வைத்துக்கொண்டு, புதுத் தாள் ஒன்றை அவர் பக்கம் தள்ளுகிறாள். “உங்க பேர ஒருக்க எழுதிப் பாருங்க, அண்ணாச்சி.” அவர் நிமிர்கிறார். நிப்பு முனையில் மை திரண்டு வெள்ளைத் தாளில் சொட்டுகிறது. “அந்தப் பேப்பரக் குடும்மா.” வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போகிறது. பர்சானா கையை எடுக்கவில்லை. காயாத பெயர் உள்ளங்கையில் ஒட்டுவது தெரிகிறது.