மூன்றாவது பஞ்சர்

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு மூக்கும் ஒழுகுது, டியூப்பும் ஒழுகுது. கெளம்புறதுக்கு முன்னாடி டயரைத் தடவிப் பாக்கணும்னுகூடத் தெரியல!"

ஒடில் சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலை மட்டும் ஊன்றிக்கொண்டு கத்தினார். ஷெல்ட் ஆற்றங்கரைச் சாலை முழுக்கக் கிழங்கு வண்டிகள் சிந்திவிட்டுப் போன சேறு. எதிர்க்காற்றில் மழை ஊசி ஊசியாகக் குத்தியது. சைக்கிள் கிளப் ஆட்கள் பத்துப் பேரும் வாய்க்கால் ஓரம் ஒதுங்கி நின்றார்கள். யாஸ்பர் மட்டும் மண்டியிட்டுப் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு இது இரண்டாவது பஞ்சர்.

"முள்ளு பெரியவரே. நான் என்ன பண்ண?"

"எங்க முள்ளு? காட்டு பாப்போம்."

"விழுந்துடுச்சு."

ஒடில் கையுறையைக் கடித்து இழுத்துக் கழற்றினார். இறங்கி வந்து, டயருக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுத் தடவினார். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"முதல் பஞ்சருக்கும் முள்ளு விழுந்துடுச்சுன்னுதான் சொன்ன. பம்பு அடிக்கத் தெரியாதுன்னு ஒத்துக்கடா. அதுல ஒண்ணும் கௌரவம் கொறைஞ்சிடாது."

யாஸ்பர் தலையை நிமிர்த்தவே இல்லை. டியூப்பை மெதுவாக, மிக மெதுவாக உருட்டி மாட்டினான்.

"என்னடா, கொழந்தைக்கு சாக்ஸா மாட்டுற? மத்தியானம் சர்ச் மணியடிக்கிறதுக்குள்ள நான் வீட்டுல இருக்கணும். மரியெட்டைத் தூக்கி உக்கார வைக்கணும்."

அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவர் மனைவிக்குக் கால்கள் விழுந்து இரண்டு வருஷம். படுக்கையிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து படுக்கைக்கும் ஒடில்தான் தூக்குவார். நர்ஸ்கள்மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. வேலை முடிந்தால் சரி என்று மூட்டை தூக்குகிற மாதிரி தூக்குவார்கள் என்பார். போன மாதம் தூக்கும்போது அவர் முதுகு பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் தரையில் விழுந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் திறக்கும்வரை அப்படியே கிடந்தார்கள். கேட்டவர்களிடம், "தரை வழுக்கிடுச்சு" என்றார் ஒடில்.

ஞாயிறு காலை மட்டும் பக்கத்து வீட்டுக்காரி துணைக்கு இருப்பாள். மத்தியானம் அவர் கையால்தான் மரியெட் எழுந்திருப்பாள்.

"அவசரம்னா நீங்க முன்னாடி போங்களேன்," என்றான் யாஸ்பர், சக்கரத்தைப் பார்த்தபடியே.

கிளப் தலைவன் லீவன் அவனை ஒரு முறை முறைத்தான்.

ஒடிலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பஞ்சரானவனை ரோட்டுல விட்டுட்டுப் போறதா? எவன்டா உனக்குச் சொல்லிக் குடுத்தது? உங்க அப்பன் இந்தக் கிளப்புக்கு வர்றதுக்கு முன்னாடியே, அப்படிப் போன ஒருத்தனோட கிளப்பு சட்டையை நான் கழட்டி வாங்கியிருக்கேன். அடிடா பம்பை!"

மறுபடி கிளம்பினார்கள். லீவன் முன்னால் போய் எதிர்க்காற்றைத் தான் தாங்கிக்கொண்டான். அவன் சக்கரத்தை ஒட்டியே ஒடில் மிதித்தார். விரல்கள் மரத்துப்போயிருந்தன. காலையில் கிளம்பும்போது மரியெட் அவர் தலையைக் கீழே இழுத்து, கழுத்துத் துணியைக் காதுவரை ஏற்றிவிட்டிருந்தாள். அந்த இடம் மட்டும்தான் கதகதப்பாக இருந்தது.

மேட்டுக்குக் கீழே லீவன் கையைத் தூக்கினான்.

"பஞ்சர்."

"உனக்குமா? தலைவனே இந்த லட்சணம்னா கிளப்பு வெளங்கிடும்!"

யாரும் சிரிக்கவில்லை. லீவன் திரும்பி நின்று சக்கரத்தைக் கழற்றினான். அவன் நிதானமாகப் பம்பைப் பொருத்துவதைப் பார்த்து, "குடுடா இங்க," என்று ஒடில் பம்பைப் பிடுங்கித் தானே அடித்தார். பாதி அடிக்கும்போது வயலுக்கு அந்தப் பக்கமிருந்து சர்ச் மணி கேட்டது. ஒடிலின் கை நின்றது.

"அவ வாசலையே பாத்துட்டிருப்பா," என்றார். அதற்குமேல் அவர் யாரையும் திட்டவில்லை. அதுதான் மற்றவர்களுக்குத் தாங்க முடியவில்லை. யாஸ்பர் தூரமாகப் போய் நின்றுகொண்டு முகத்தைத் துடைத்தான்.

ஊருக்குள் நுழைந்ததும் எல்லோரும் காப்பிக்கடைப் பக்கம் திரும்பினார்கள். ஒடில் தன் தெருவுக்குத் திரும்பப்போனார். லீவன் அவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான்.

"பெரியவரே, ஒரு நிமிஷம்."

"கையை எடு. ஏற்கெனவே நேரமாயிடுச்சு."

"மூணும் பஞ்சரே இல்ல. நாங்களேதான் காத்தைத் தொறந்து விட்டோம்."

ஒடில் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அவ அங்க படுத்த படுக்கையா கெடக்குறா. நீங்க வெளையாடுறீங்களா?"

"இப்ப அங்க இல்ல. முதியோர் இல்லத்து வண்டி வந்து கூட்டிட்டுப் போயிருக்கும்."

"என் பொண்ணு வேலையா இது? ஒரு வருஷமா அதத்தான் சொல்லிட்டிருக்கா."

லீவன் ஹேண்டில்பாரை விடவில்லை. "இல்ல. மரியெட் அம்மாவேதான் எனக்கு போன் பண்ணாங்க. 'என்னைத் தூக்கித் தூக்கியே அவர் செத்துருவாரு, ஆனா அவர் எதிர்ல நின்னா என்னால வண்டி ஏற முடியாது. யாருக்காவது பஞ்சர்னு சொல்லி நிறுத்து, விட்டுட்டு வரமாட்டாரு'ன்னாங்க."

"புளுகாத," என்றார் ஒடில். அவன் கையைத் தட்டிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, மரியெட்டைத் தூக்கி உட்காரவைக்க வேகவேகமாக வீட்டைப் பார்த்து நடந்தார்.