யார் இந்த திலீப்?

"யார் இந்த திலீப்?"

சார்ஜில் இருந்த மகளின் போனைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார் ஆதிநாராயணன்.

திருப்பதியில் பிசியோதெரபி படிக்கும் தேவயானி, ஊர் அம்மன் கோயில் ஜாத்திரைக்காகப் புத்தூர் வீட்டுக்கு வந்திருந்தாள். "கூடப் படிக்கிற பையன் நைனா."

"தினமும் அவன் பேரோட உன் பேரும் சேர்ந்து வருதே, நம்ம வம்சத்து மானம் இன்னா ஆவறது?"

அம்மா செங்கமலம் குறுக்கே வந்தாள். "வயசுப் பொண்ணு, தெரியாம பண்ணிட்டிருப்பா. வுட்டுடுங்க."

"நீ சும்மா இரு. ஏய், பெட்டியைக் கட்டு! ஜாத்திரையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

தேவயானி அழுதுவிட்டாள். "படிப்பை நிறுத்திடாத நைனா!"

"எவன் நிறுத்தறேன்னான்? இப்பவே உன்னைத் திருப்பதி பஸ் ஏத்தி வுடப்போறேன்."

போனை அவள் பக்கம் திருப்பினார். எலும்பு, தசை பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லி, வகுப்பே தினமும் போட்டி போடும் படிப்பு ஆப் அது. முதல் இடத்தில் திலீப். இரண்டாவது இடத்தில் தேவயானி.

"நம்ம வூட்டுப் பொண்ணு இன்னொருத்தனுக்குக் கீழ நிக்கறதா? போய்ப் படி. அவனைத் தாண்டினப்புறம் ஊருக்கு வா!"