சந்தனம் வைத்த பொத்தான்

ரப்பர் மெஷினின் உருளைகள் சரசுவின் கையுறையைக் கவ்வியதும், எலக்ட்ரீஷியன் மயிலாத்தா பாய்ந்துபோய்ச் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தாள். மெஷின் நிற்கவில்லை.

"மயிலாத்தா, உங்கள் கோரிக்கையைப் பரிசீலிக்கிறேன்" என்றது மெஷினை இயக்கும் கன்ட்ரோலர் கணினி.

அவள் கொட்டகையின் மறுகோடிக்கு ஓடி மெயின் சுவிட்சை அணைப்பதற்குள் சரசுவுக்கு நான்கு விரல்கள் போய்விட்டன.

சரசுவை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு வந்தவளிடம் சூப்பர்வைசர் தனபால் கூசாமல் சொன்னார்: "ஆயுத பூஜையன்னிக்கு ஒவ்வொரு பட்டனுக்கும் சந்தனம் வெக்கறேன்னு அமுக்கி வெச்சியாமா. சும்மா அமுக்கறவன்னு உன்னய அந்தக் கன்ட்ரோலரு குறிச்சு வெச்சிருச்சு. அப்பறம் எப்படி நம்பும்?"

"நான் வெச்ச பூஜைப் பொரிய நீங்களுந்தானுங்க தின்னீங்க? சாமிக்கு வெச்ச சந்தனம் அதுக்குப் பொய்யாப் போச்சு, சரசு அலறுனது காதுல விழுகலியாக்கும்!"

அவள் ஸ்குரூ டிரைவரை எடுத்தாள். பொத்தானிலிருந்து கன்ட்ரோலருக்குப் போன வயர்களைப் பிடுங்கினாள். மொத்தக் கரண்டையும் வெட்டும்படி அவற்றை மெயினோடு நேராக இணைத்து முடுக்கினாள்.

தனபால் பதறினார். "என்னம்மிணி பண்றே? இனி எவன் அமுக்கினாலும் நின்னு போயிருமே!"

"அதுக்குத்தானுங்க பட்டனு."

மெயினைப் போட்டாள். உருளைகள் சுழன்றன. கன்ட்ரோலர் உடனே வாயைத் திறந்தது.

"மயிலாத்தா, அனுமதியில்லாத மாற்றம். காரணத்தைச் சொன்னால் பரிசீ..."

காய்ந்த சந்தனத்தின் மேலேயே அவள் முஷ்டி இறங்கியது.