கண்ணாடித் தொட்டி யாருக்கு?

"ஏண்டா, நிலத்தைப் பிரிச்சாச்சு, கிணத்தைப் பிரிச்சாச்சு, புளியமரத்தைக்கூடக் கெளைக் கணக்குல பிரிச்சாச்சு. இந்த எட்டுக்கால் பூச்சியைப் பிரிக்கறதுக்கா என் உசுரை வாங்கறீங்க?"

மாதையன் தலையில் கை வைத்துக்கொண்டார். காலமாகிவிட்ட தங்கையின் மகன்கள் முருகேஷ், அறிவழகன் இருவருக்கும் பாகம் பிரித்துக் கொடுக்க, பென்னாகரத்திலிருந்து அதியமான்கோட்டைக்குப் பஸ் ஏறி ஏறியே அவர் ஓய்ந்துபோயிருந்தார்.

மாசியில், மல்பெரித் தோட்டத்துக்கு யார் முதலில் தண்ணீர் விடுவது என்று ஆரம்பித்த வாய்ப்பேச்சு. அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் பேசுவதில்லை. ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு, எதுவானாலும் மாமனிடம்தான் சொல்வார்கள். வாசலில் செங்கல் இறங்கிவிட்டது. வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்ப, காஜா மேஸ்திரி கலவை போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

மிச்சம் அந்தக் கண்ணாடித் தொட்டி ஒன்றுதான். சுவர் வரவேண்டிய இடத்தில், மேசைமேல் இருந்தது. உள்ளே தேங்காய் நார்த்தூள், மரப்பட்டைகள், அங்கங்கே வலை. பட்டையின் ஓரமாக, முடியும் காலுமாக டாரன்டுலா குஞ்சுகள். அம்மிக்கல்லுக்கு அடித்துக்கொண்டவர்களை மாதையன் பார்த்திருக்கிறார். சிலந்திக்குப் பங்கு கேட்பவர்களை இப்போதுதான் பார்க்கிறார்.

"வாங்கியாந்தது நானுங்க மாமா. பெங்களூர்ல இருந்து மடியிலயே வெச்சு எடுத்தாந்தேன்" என்றான் அறிவழகன்.

"வாங்கியாந்துட்டா ஆச்சா? தெனமும் கரப்பான் புடிச்சுப் போட்டு வளர்த்தது யாருன்னு கேளுங்க" என்றான் முருகேஷ்.

"சரிடா சாமி. ஆளுக்குப் பாதி எடுத்துக்குங்க. முடிஞ்சுது."

"பிரிக்கவே கூடாதுங்க மாமா!"

இதை மட்டும் இருவரும் சேர்ந்தே சொன்னார்கள்.

"ஏன் கூடாது? பட்டுப்புழுவைத் தட்டுத் தட்டாப் பிரிச்சு வெக்கறீங்கல்ல? அது மாதிரி வெய்யுங்க."

"பட்டுப்புழு ஒண்ணையொண்ணு தின்னாதுங்க. இது தின்னும்" என்றான் முருகேஷ். "ஒரே தாய்க்குப் பொறந்து, குஞ்சுல இருந்து ஒண்ணா வளர்ந்தாத்தான் சும்மா இருக்கும். ஒண்ணைத் தனியா எடுத்து வெச்சுட்டு மறுக்காக் கொண்டாந்து விட்டா, மத்ததுக்கு அடையாளம் தெரியாதுங்க. அடிச்சுத் தின்னுடும்."

"அவரு சொல்றது நெசந்தானுங்க" என்றான் அறிவழகன், சுவரைப் பார்த்துக்கொண்டே.

மாதையனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இந்த நியாயமெல்லாம் பூச்சிக்கு மட்டுந்தானாடா? உங்களைப் பெத்தவளும் ஒருத்திதானே? என் தங்கச்சி இருந்திருந்தா வெளக்குமாத்தாலயே போட்டிருப்பா!"



"கலவை இறுகுதுங்க" என்று மேஸ்திரி எட்டிப் பார்த்தார்.

"இருய்யா, இங்க என் கழுத்தே இறுகுது! ஏம்மா கலைமதி, நீயாச்சும் உன் வூட்டுக்காரனுக்குச் சொல்லக் கூடாதா?"

டீ கொண்டுவந்த முருகேஷின் மனைவி நிலைப்படியைத் தாண்டவில்லை. "அந்தத் தொட்டிப் பக்கம் நான் தலை வெச்சே படுக்கறதில்லைங்க. அங்க பெருக்கறதுகூட இவருதான்."

"எவனுக்கும் வேண்டாம். தூக்கித் தெருவுல கொட்டறேன்!"

மாதையன் விருட்டென்று எழுந்து தொட்டியிடம் போனார். குனிந்தார். முடி சிலிர்த்த கால்களைக் கண்டதும் கை தானாகப் பின்வாங்கியது. ஆனாலும் விடாமல் உற்றுப் பார்த்தார்.

"என்னடா, அசையவே காணோம்?"

"பகல்ல அசையாதுங்க!" முருகேஷ் பதறிக்கொண்டு வந்தான்.

"கிட்டப் போகாதீங்க மாமா, அந்த முடி பறந்து கண்ணுல பட்டுச்சுன்னா பார்வையே போயிடும்!" அறிவழகன் அவர் தோளைப் பிடித்து இழுத்தே விட்டான்.

மாதையன் மூச்சு வாங்க நாற்காலியில் விழுந்தார். "சரி, தொட்டியோட ஒருத்தன் எடுத்துக்குங்க."

"நான் எடுத்துக்கறனுங்க" என்றான் முருகேஷ்.

"அவரு எடுத்தா, பாகப் பத்திரத்துல நான் கையெழுத்தே போட மாட்டனுங்க."

"எத்தனை வருசம்டா உசுரோட இருக்கும் இந்தச் சனியன்?"

"பொட்டையா இருந்தா இருவது வருசம்கூட இருக்குமுங்க" என்றான் முருகேஷ் பணிவாக.

மாதையன் துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப அதுங்க செத்ததுக்கப்புறம் சொல்லி அனுப்புங்க, வந்து பிரிச்சு வெக்கறேன். மேஸ்திரி, அந்தக் கலவையை வாரிக்கொண்டு போயி மாட்டுக் கொட்டாய்க்குப் பூசு!" செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

மேஸ்திரியும் முணுமுணுத்துக்கொண்டே கொட்டாய்ப் பக்கம் போனார். கலைமதி டீ டம்ளர்களோடு உள்ளே போய்விட்டாள். முருகேஷ் துணியை எடுத்துத் தொட்டியை மூடப் போனான். அறிவழகன் நகரவில்லை.

"அண்ணா."

மாசிக்குப் பிறகு அந்தச் சொல்லை முருகேஷ் இப்போதுதான் கேட்கிறான். கை அப்படியே நின்றது.

"அந்த மூலையில இருக்கறதுக்குக் கால் ஒண்ணு ஒடஞ்சு கெடக்குது. பசை வெச்சு ஒட்டிடு."

முருகேஷின் முகம் வெளுத்தது. "உனக்கு... எப்படா தெரியும்?"

"கோடையில எல்லாம் செத்தப்பவே தெரியும்ண்ணா. அதுங்க உரிச்சுப் போட்ட தோலைப் பொறுக்கித்தான் நீ நிக்க வெச்சிருக்கேன்னு மாமா கண்டுபுடிச்சிருந்தா, இந்நேரம் நமக்கு நடுவுல சுவரு எழும்பியிருக்கும்."