இலை விட்ட கள்ளி

"அக்கா, எங்க புது வீட்டு மரத்து இலை வயித்துக்குள்ள போயிடுச்சு!" போனில் தங்கை பதறினாள்.

அக்கா தாவரவியல் பேராசிரியை. "இப்ப எப்படி இருக்கு?"

"தூக்கம்தான். எழுப்பவே பயமா இருக்கு."

"மரத்துல முள் இருக்கா?"

"பஞ்சு மாதிரி புள்ளியிலேருந்து கொத்துக்கொத்தா இருக்கு."

"அப்போ கள்ளிதான்டி."

"ஐயோ, கள்ளியா!"

"முழுசாக் கேளு. இலையைக் கிள்ளினா பால் வருதா?"

ஓடிப்போய்க் கிள்ளினாள். "இல்லக்கா."

"பால் வடியற விஷக் கள்ளி வேற குடும்பம். இது சப்பாத்திக்கள்ளிக்குச் சொந்தம், ஆனா இலை விட்டு மரமா வளரும். இந்த இலையை வேகவெச்சுச் சாப்பிடறவங்களே இருக்காங்க. குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது."

"குழந்தையா? கீரைன்னு நினைச்சு மாமியாருக்குச் சமைச்சுப் போட்டுட்டேன்க்கா! வேணும்னே செஞ்சேன்னு ஊரே பேசுமே!"

மாமியாரின் அறைக்கதவு திறந்தது. அவள் போனைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"ஏம்மா, மத்தியானம் வெச்ச கீரை இன்னும் கொஞ்சம் இருக்கா?"